வெள்ளிக்கிழமை வேலை

ஜூன் 3, திங்கள்

சர்வர் மாற்றுகிறவரை தினமும் என்ன செய்தோம் என்று கையால் எழுதி வைக்க வேண்டுமாம். எங்களிடம் வேலை பார்க்கிற பேச்சியின் உத்தரவு. கம்ப்யூட்டரில் எழுதினால் சர்வர் போகும்போது குறிப்பும் சேர்ந்து போய்விடும் என்று இந்த டைரியை வாங்கி வந்து நீட்டினாள். இருபத்தெட்டு வயதுக்காரி எனக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறாள். சரி, எழுதித் தொலைக்கிறேன்.

பாளையங்கோட்டையில் எங்களுக்கு வெப்சைட் ஹோஸ்டிங் தொழில். கல்யாண மண்டபம், லாரி ஆபீஸ், ஸ்கேன் சென்டர், இரண்டு பள்ளிக்கூடம், ஒரு ஜோசியர், இன்னும் பல. எல்லாருடைய சைட்டும் எங்கள் மாடி அறையில் ஏசிக்குக் கீழே ஒரே மிஷினில் இருக்கிறது. பக்கத்தில் நகலுக்கு இன்னொன்று. இவற்றில் ஓடுவது சென்ட் ஓஎஸ் என்கிற ஆபரேட்டிங் சிஸ்டம். இந்த மாதக் கடைசியோடு அதற்கு ஆதரவு முடிகிறது. மிஷின் ஓடத்தான் செய்யும், ஆனால் ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் வராது. எவனாவது உள்ளே புகுந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகலாம்.

நகல் மிஷின் செத்துக்கொண்டிருக்கிறது. அது ஓடுகிறவரை ஓடட்டும், அதன் இடத்துக்குப் புதிதாகப் பெரியது ஒன்று வாங்கியாயிற்று. இனி அதுதான் சைட்டுகளைத் தாங்கப்போகிறது, இப்போது சைட்டுகள் இருக்கிற பழையது நகலுக்கு. புதியதில் எந்த ஓஎஸ் போடுவது என்பதுதான் கேள்வி. என் வீட்டுக்காரர் குற்றாலிங்கம்தான் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலை ஒற்றை ஆளாகத் தொடங்கியவர் அவர். நானே அவரிடம் படித்தவள்தான்.

ஜூன் 5, புதன்

மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம்.

"டெபியன் போடுவோம்க்கா" என்றாள் பேச்சி. "பழைய குப்பைய எல்லாம் விட்டுட்டு சுத்தமா ஆரம்பிப்போம். நகல் எடுக்கதும் தானா ஓடுத மாதிரி வச்சிருவோம்."

ஸ்கேன் சென்டர் டாக்டர் ஜெபசிங் விண்டோஸ் போடச் சொல்லி போன் செய்திருந்தார். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், ஆகவே உலகத்தில் இருப்பதும் அது ஒன்றுதான். அவரை விட்டுத் தள்ளினோம்.

"நீங்க என்ன சொல்லுதிய?" என்று இவரைக் கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "தென்காசிப் பக்கம் சாரல் விழுந்துட்டு போல. காத்து மாறிட்டு" என்றார். பேச்சி தமாஷ் என்று நினைத்துச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அவர் எப்போதுமே தமாஷ்காரர்.

ஜூன் 7, வெள்ளி

இன்று வெள்ளிக்கிழமை வேலை. வாரம் தவறாமல் அவர்தான் செய்வார். அதற்கென்று அவரே எழுதிய ஒரு கட்டளை இருக்கிறது. பெயரும் 'வெள்ளி'தான். அதை அடித்தால் முதல் மிஷினில் உள்ளது அத்தனையும் அப்படியே இரண்டாவதற்குப் போகும். முதலில் இல்லாத எதுவும் இரண்டாவதில் இருந்தால் அழிந்துவிடும். இரண்டும் அச்சு அசல் ஒன்றாகிவிடும்.

மத்தியானம் சாப்பிட்டதும் வந்து உட்கார்ந்தார். விரல்கள் பட்பட்டென்று ஓடின. திரையைக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து என்னைப் பார்த்து, "முடிஞ்சுது ளா" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஏன் அப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஜூன் 10, திங்கள்

ஸ்கூட்டரை சமாதானபுரத்தில் விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறார். அதற்கென்ன, யாருக்குத்தான் மறதி இல்லை? போன மாதம் நான் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மார்க்கெட் போய்விட்டேன். வெயில் வேறு மண்டையைப் பிளக்கிறது.

பேச்சியிடம் ஸ்கூட்டர் சர்வீசுக்கு விட்டிருக்கிறது என்றேன்.

ஜூன் 12, புதன்

பேச்சி ஒரு லேப்டாப்பில் டெபியன் போட்டுக் கொடுத்துவிட்டு பாங்க்குக்குப் போனாள். அவரை அதன் முன்னால் உட்கார வைத்தேன். சும்மா பார்க்கத்தான்.

பழைய கட்டளையை அடித்தார். அப்படி ஒன்று இல்லை என்றது மிஷின். திரும்ப அடித்தார். இல்லை என்றது. "டெபியன்ல அது வேற மாதிரிங்க" என்று சொல்லிக் கொடுத்தேன். தலையாட்டினார், பழையதையே அடித்தார். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. நெற்றியில் வேர்த்துவிட்டது. கடைசியில் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏளா, இது யார் வீட்டு மிஷின்?" என்று கேட்டார்.

லேப்டாப்பை மூடிவிட்டேன். காபி போட்டுக் கொடுத்தேன்.

சாயங்காலம் பேச்சி வந்ததும் சொல்லிவிட்டேன், அல்மா லினக்ஸ் போடுகிறோம் என்று. அது சென்ட் ஓஎஸ் குடும்பத்தைச் சேர்ந்தது, ஃபோல்டர் எல்லாம் அதே இடத்தில் இருக்கும், பழைய கட்டளைகள் அப்படியே வேலை செய்யும், கஸ்டமர்களுக்குத் தொந்தரவு குறைவு. நான் அடுக்கினது எதுவும் பொய் இல்லை.

"நல்ல ஓஎஸ்தான், இல்லங்கல. ஆனா நெசமா எதுக்குக்கா?" என்றாள்.

"அதான் இவ்வளவு சொல்லுதேன்லா, காதுல விழலையா?" என்று கத்திவிட்டேன். அவள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 14, வெள்ளி

வண்ணாரப்பேட்டையில் நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். வாங்குகிற ஃபீசுக்கு எல்லா டாக்டரும் எதையாவது சொல்லத்தான் வேண்டும். வெள்ளி அடித்தாயிற்று.

ஜூன் 21, வெள்ளி

ஆனித் தேர். ஜில்லா முழுக்க லீவு. இந்த நாளைத்தான் நாங்கள் பெரிய வேலைகளுக்கு வைத்துக்கொள்வது வழக்கம். ஊரே டவுனில் வடம் பிடித்துக்கொண்டிருக்கும், சைட் நின்றாலும் ஏன் என்று கேட்க நாதி இருக்காது. இதுவும் அவர் கண்டுபிடித்த வழிதான்.

காலையில் தொடங்கி நானும் பேச்சியும் ஒவ்வொரு சைட்டாகப் புது மிஷினுக்கு மாற்றினோம். தண்ணீர் குடிக்கவும் எழுந்திருக்கவில்லை. அவர் பின்னால் உட்கார்ந்து, "தேர் நிலைக்கு வந்துட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பேச்சிதான் ஒவ்வொரு தடவையும், "இப்பதான் தெரு திரும்புது அண்ணாச்சி" என்று சலிக்காமல் பதில் சொன்னாள். நல்ல பிள்ளை. என் வாய்தான் கெட்ட வாய்.

நாலு மணிக்கு எல்லாம் ஓடிவிட்டது. ஒரு சைட்கூடப் பழுதில்லை.

ஜூன் 24, திங்கள்

இரண்டு மிஷினுக்கும் சேர்த்து ஒரே திரை, ஒரே கீபோர்டு. நடுவில் ஒரு சின்னப் பெட்டி. அதில் ஒன்றாம் பொத்தானை அமுக்கினால் பழைய மிஷின் தெரியும், இரண்டை அமுக்கினால் புதியது. இத்தனை வருஷமும் சைட்டுகள் ஒன்றில் இருந்தன. இனி இரண்டில். ஆகவே வெள்ளியும் இனி இரண்டிலிருந்து ஒன்றுக்குப் போக வேண்டும். எந்த மிஷினில் அடிக்கிறோமோ அதில் உள்ளதுதான் மற்றதற்குப் போகும், அதனால் அதே வார்த்தையை அடித்தால் போதும், ஆனால் முதலில் இரண்டாம் பொத்தானை அமுக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். அவர் விரல்கள் புதிதாக எதுவும் படிக்க வேண்டாம் என்றுதான் இப்படி வைத்தேன். இரண்டாம் பொத்தான் மேல் சிவப்பாக ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறேன்.

"பழைய மிஷின்ல இருக்க வெள்ளிய எடுத்துருங்கக்கா" என்றாள் பேச்சி. "தெரியாம யாராவது அங்க இருந்து அடிச்சா புதுசுல உள்ளது அத்தனையும் போயிரும்."

யாராவது என்றுதான் சொன்னாள். எடுக்கிறேன் என்றேன்.

ஜூன் 28, வெள்ளி

கூடவே நின்றேன். சிவப்புப் பொட்டைக் காட்டினேன். அமுக்கினார், அடித்தார், "முடிஞ்சுது ளா" என்றார். ஒரு தப்பில்லை. நரம்பு டாக்டரைக் கூட்டி வந்து காட்டியிருக்க வேண்டும்.

ஜூலை 2, செவ்வாய்

பழைய மிஷினில் வெள்ளியை அழிக்கப் போனேன். அவர் அங்கேதான் உட்கார்ந்து தான் எழுதின பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளியும் திறந்து கிடந்தது. மேலே அவர் பெயரும், கடையைத் தொடங்கின தேதியும். "நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றார், வேறு யாரோ எழுதின மாதிரி.

அவர் கண் முன்னால் எப்படி அழிப்பது? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலை 5, வெள்ளி

பள்ளிக்கூடத்து ஆள் வந்து கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தான். "வெள்ளி முடிஞ்சுதா?" என்று இங்கிருந்தே கேட்டேன். "ம்" என்றார்.

ஜூலை 9, செவ்வாய்

டாக்டர் ஜெபசிங் வந்தார். புது மிஷினில் படங்கள் சட்டென்று திறக்கின்றனவாம், ஒரே சந்தோஷம். இந்த மாதத்திலிருந்து நோயாளிகளுக்கு ஃபிலிம் கொடுப்பதையே நிறுத்திவிட்டாராம். எல்லாம் நம் சைட்டில்தான். ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்துவிடுகிறார், மதுரையோ மெட்ராஸோ போய் அங்கே திறந்து காட்டிக்கொள்ள வேண்டியதுதான். "ஒங்கள நம்பித்தான் இருக்கேன்" என்று இவர் கையைப் பிடித்துச் சொன்னார். இவர், "தாராளமா" என்றார். போன பிறகு, "யாருளா அது?" என்று கேட்டார்.

ஜூலை 12, வெள்ளி

மோட்டார் ரிப்பேர், வீட்டில் தண்ணீர் இல்லை. பிளம்பரோடு மல்லுக்கட்டிவிட்டு வர மூன்று மணி ஆகிவிட்டது. வெள்ளி முடிந்தது என்றார்.

ஜூலை 17, புதன்

பேச்சிக்கும் எனக்கும் சண்டை.

"பேக்கப்பை நானே தானா ஓடுத மாதிரி போட்டுருதேன்க்கா. அஞ்சு நிமிஷ வேலை. வெள்ளிக்கிழமைன்னு காத்துக்கிட்டு இருக்க வேண்டாம்லா."

"மனுசக் கண் பார்க்கணும், பேச்சி. மிஷின நம்பி மிஷின விடக்கூடாது."

"அண்ணாச்சிக்கு முடியலைன்னு எனக்குத் தெரியும்க்கா. தெரியாத மாதிரி நான் இருக்கேன், நீங்களும் இருக்கிய. ஆனா கஸ்டமர் சைட்டுலயா வெளையாடுவிய?"

அவள் மூஞ்சியைப் பார்க்க முடியவில்லை. "ஒன் வேலைய மட்டும் பாரு" என்றேன். வெள்ளியையும் பறித்துக்கொண்டால் அவர் எதற்கு மாடிப்படி ஏறி வருவார்? காலையில் எதற்குச் சட்டை மாட்டுவார்? இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜூலை 19, வெள்ளி

போய்விட்டது.

ஜூலை 20, சனி

நேற்று எழுதக் கை வரவில்லை. இன்று எழுதுகிறேன்.

மத்தியானம் இரண்டரை இருக்கும். பேச்சி கீழே டீ வாங்கப் போயிருந்தாள். நான் போனில் மண்டபத்துக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே பட்பட்டென்று சத்தம் கேட்டது. பழைய நாள் மாதிரி என்ன வேகம் என்று சந்தோஷப்பட்டேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். "முடிஞ்சுது ளா" என்று வெளியே வந்தார். திரும்பி உள்ளே மிஷினைப் பார்த்தார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். ஒன்றாம் பொத்தான் எரிந்துகொண்டிருந்தது.

பழைய மிஷினில் கிடந்தது அத்தனையும் புதியதன் மேல் ஏறியிருக்கிறது. அதற்குப் பிறகு வந்தது எல்லாம் துடைத்தெடுத்தாற்போல அழிந்துபோனது. போனது ஒரு வாரம்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு தேதியைப் பார்த்தேன். ஜூன் இருபத்தெட்டு. அதன்பிறகு நகலே எடுக்கப்படவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமைகள் சும்மா உட்கார்ந்து எழுந்திருக்கிறார். மூன்றாம் வெள்ளி விரலுக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

இன்று காலை எட்டு மணிக்கே ஜெபசிங் வந்துவிட்டார். மாடிப்படியிலேயே சத்தம்.

"மூணு வாரத்து ரிப்போர்ட்டு! ஒண்ணு கூட இல்ல! எங்க ஸ்கேன் மிஷின்ல வாரத்துக்கு ஒருக்கா அழிச்சிருவோம், இடம் பத்தாது. ஒங்கள நம்பித்தானம்மா இருந்தேன்? அம்பாசமுத்திரத்து அம்மா ஒருத்தி, தலையில கட்டி, மதுரையில ஆபரேஷன் டேபிளுக்குப் போக வேண்டியவ. படம் இல்லாம எப்படித் தொடுவேன்னு அந்த டாக்டர் திருப்பி அனுப்பிட்டாரு. மறுபடி ஸ்கேன் எடுக்கதுக்குள்ள தேதி போயிட்டு. யாரு செஞ்சது இது? யாரு?"

இவர் நாற்காலியில் இருந்தார். பேச்சி கதவுப் பக்கம் நின்றாள். நான் நடுவில்.

"புதுப் பிள்ள டாக்டர். கை தவறிட்டு" என்றேன்.

நாலு வருஷமாக வேலை பார்க்கிறவளைப் புதுப் பிள்ளை என்றேன். மூன்று பேருக்கும் ஒரே லாகின்தான், யார் அடித்தது என்று மிஷின் சொல்லாது. பேச்சி என்னைப் பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள். வாயைத் திறக்கவே இல்லை. ஜெபசிங்தான் அவளைப் பார்த்துக் கத்தினார், நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலை 22, திங்கள்

பேச்சி சாவியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"அண்ணாச்சிக்காகத்தான் சொன்னிய, எனக்குத் தெரியும். அவரு எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவரு. அதனாலதான் பேசாம நின்னேன். ஆனா ஊருக்குள்ள என் பேரு போயிட்டுக்கா. ஒரு வார்த்தை முன்கூட்டிக் கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா சரின்னிருப்பியா?"

"சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

படியிறங்கிப் போனவள் பாதியில் நின்று, "டெபியன் போட்டிருந்தா எல்லாத்தையும் புதுசா எழுதியிருப்போம். பழைய மிஷின்ல அடிச்ச வெள்ளியால புதுசத் தொட்டிருக்கவே முடியாது" என்றாள். குத்திக் காட்டுகிற மாதிரி இல்லை. வேலை விஷயமாகத்தான் சொன்னாள். அது உண்மையும்கூட.

ஜூலை 26, வெள்ளி

பேக்கப் இப்போது தானாக ஓடுகிறது. ஐந்து நிமிஷ வேலைதான்.

நகலுக்கு வேறு மிஷின் வைத்துவிட்டேன். பழையதிலிருந்து நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். இனி அதிலிருந்து எதை அடித்தாலும் எங்கேயும் போகாது. திரையையும் கீபோர்டையும் அதனோடேயே விட்டு வைத்திருக்கிறேன், அவர் உட்கார்ந்து அடிப்பதற்கு. இன்று வந்து அதன் முன்னால் உட்கார்ந்தார். எதையும் அடிக்கவில்லை.

ஜெபசிங் போன் செய்தார். கணக்கை வேறு ஆளிடம் மாற்றுகிறாராம். அந்த அம்பாசமுத்திரத்து அம்மாவுக்கு வீட்டிலேயே வலிப்பு வந்து பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாளாம், நினைவு திரும்பவில்லையாம். ஆபரேஷன் நடந்திருந்தாலும் வந்திருக்கலாம் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

ஜூலை 30, செவ்வாய்

மூன்று கஸ்டமர்கள் விலகினார்கள். ஜோசியர் மட்டும் ஆறுதலாகப் பேசினார். ஆஸ்பத்திரியில் அந்த அம்மா எப்படி இருக்கிறாள் என்று விசாரிக்கவில்லை. விசாரித்தால் சொல்லிவிடுவார்கள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று, "ஏளா, பேச்சி எங்க?" என்றார்.

"வேற வேலைக்குப் போயிட்டா."

"நீ அனுப்பிட்ட."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அந்தப் பிள்ள மேல எதுக்குப் பழியப் போட்ட? அது நான்லா அடிச்சேன். ஒண்ணாம் பொத்தான்ல இருந்து. அடிச்சு முடிஞ்ச பொறவுதான் தெரிஞ்சுது. அவ அப்ப டீ வாங்கக் கீழ போயிருந்தா."

எல்லாம் சரி. பொத்தான் சரி, டீகூடச் சரி. எத்தனை மாதமாக அவருக்கு ஒரே ஒரு விஷயமாவது முழுசாக ஞாபகம் வராதா என்று கும்பிடாத தெய்வமில்லை. வந்தது இது.

அவர் குரலும் பழைய குரலாக இருந்தது, எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த காலத்துக் குரல். ஆமாங்க, நீங்கதான், தப்பு என்னோடது என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷம் தாங்கியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. எனக்குப் பயம். அந்த அம்மா ஆஸ்பத்திரியில் கிடப்பது அவர் காதுக்கு வந்தால் என்ன ஆவார் என்று பயம். அவருக்காகத்தான் பயந்தேனா, எனக்காகவா, தெரியவில்லை.

"இல்லங்க" என்றேன். "நீங்க அடிக்கல. அவதான் அடிச்சா. ஒங்களுக்குத்தான் கொஞ்ச நாளா எல்லாம் கொழம்புதுல்லா?"

அவருக்கு மறக்கிறது என்று நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. டாக்டரிடம் சொன்னதில்லை, பேச்சியிடம் சொன்னதில்லை, இந்த டைரியிலும் எழுதினதில்லை. அவருக்குச் சரியாக ஞாபகம் வந்த அன்றைக்குப் பார்த்துச் சொன்னேன்.

தம் விரல்களைப் பார்த்தார். "நல்லா ஞாபகம் இருந்த மாதிரி இருந்துச்சே" என்றார்.

"இல்லங்க."

"அப்படியா? சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்." டீயைக் குடித்து முடித்தார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மத்தியானம் சாப்பிட்டதும் வந்து உட்கார்ந்தார். கீபோர்டில் இரண்டு கையையும் வைத்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். விரல் அசையவில்லை.

"ஏளா, வெள்ளிக்கிழமைன்னா நான் என்ன செய்வேன்?"

"வெள்ளி அடிப்பிய."

"அது நான் அடிக்கதா, அந்தப் பிள்ள அடிக்கதா?"

"நீங்கதாங்க. நீங்க எழுதினது. அடிங்க, ஒண்ணும் ஆகாது."

கையை எடுத்துவிட்டார். "வேண்டாம் ளா. எனக்குத்தான் எல்லாம் கொழம்புதே. நான் தொட்டு ஏதாவது ஆயிட்டுன்னா?"

எழுந்து தோளில் கிடந்த துண்டால் கீபோர்டைத் துடைத்து, அதன் மேலேயே துண்டைப் போட்டு மூடினார். வெளியே வந்து கஸ்டமர்கள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். யாரோ கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறவர் மாதிரி சாயங்காலம் வரை அப்படியே இருந்தார்.

பேச்சிக்குப் போன் போட்டேன். முழுக்க அடித்து நின்றது. மறுபடியும் போட்டேன்.